புலியும் யானையும் பதித்த சின்னம்: பட்டாளத்து முன்னோரைத் தேடும் வழிகள்

முதல் உலகப் போர் மூண்ட 1914 ஆகஸ்டில் சென்னையில் முகாமிட்டிருந்த வெள்ளைப் பட்டாளம், ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் ரெஜிமெண்ட்டின் முதல் பட்டாலியன். அந்த ஆண்டு முடிவதற்குள் அது இங்கிலாந்து திரும்பியது. 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கும்போதே பேரிழப்பைச் சந்தித்தது. அந்தச் சிப்பாய்களின் படங்கள் இன்றும் டப்ளின் வீடுகளில் மாட்டியிருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கித் தொப்பிச் சின்னத்தைப் பார்த்தால், தீப்பிழம்பு எழும் கையெறி குண்டும், அதன் உருண்டையில் ஒரு புலியும் ஒரு யானையும் தெரியும்.

அந்த விலங்குகள் அங்கே போனது நம் பக்கத்திலிருந்துதான். 1748இல் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டையில் ஒழுங்குபடுத்திய கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைதான் பின்னாளில் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆனது. 1862இல் அது கம்பெனியிடமிருந்து அரசியின் படைக்கு 102ஆவது ரெஜிமெண்ட்டாக மாறியது. 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் பெற்று, அயர்லாந்தின் கில்டேர் வட்டாரத்தில் உள்ள நாஸ் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆற்காடு, வந்தவாசி என்று நம் ஊர்ப் பெயர்கள் அதன் போர்ச் சிறப்புப் பட்டியலில் ஏறியிருந்தன. 1857இல் லக்னோவில் செத்த ஜேம்ஸ் நீல் இந்தப் படையின் தளபதிதான். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவன் சிலையை அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அயர்லாந்து தனி நாடாகிக்கொண்டிருந்த 1922இல் ரெஜிமெண்ட்டே கலைக்கப்பட்டது.

ஆக, அயர்லாந்தில் தன் கொள்ளுத்தாத்தனைத் தேடும் ஒருவர் படத்தில் அந்தப் புலியைக் கண்டால், தேடல் அவரைத் திருச்சிராப்பள்ளிக் கண்டோன்மெண்ட் வரை இழுத்துவரக்கூடும். அங்கிருந்து புதுக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர்தான். திருமயத்திலோ ஆலங்குடியிலோ ஒரு வீட்டில், தொப்பி போட்ட பெரியவர் ஒருவரின் படம் சட்டத்துக்குள் மங்கிக்கொண்டிருக்கும். "எங்க பாட்டனார் பட்டாளத்துல இருந்தவர்" என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு பேருமே ஒரே சாம்ராஜ்யத்தின் சிப்பாய்கள்தான். இவ்விருவரையும் கண்டுபிடிக்க என்னென்ன சான்றுகள் உள்ளன, அவை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும், எங்கே கைவிடும் என்று ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அயர்லாந்துக்காரரைத் தேடிக் கிடைத்த முறைகளை நம்மவருக்கும் பொருத்திப் பார்க்காமல் நாம் வாளாவிருந்துவிட்டோம் என்பது என் ஆதங்கம்.

புதுக்கோட்டைக்கும் அயர்லாந்துக்காரர்களுக்கும் இடையிலான பழக்கம் புகைப்படக் கருவிக்கு நூறாண்டு முந்தையது. 1751 முதல் 1754 வரை திருச்சிக் கோட்டையை மையமாக வைத்து நடந்த போரில் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்று அவர்களுக்கு உணவுப்பொருள் அனுப்பிக் காப்பாற்றினார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டபோதும் புதுக்கோட்டைப் படை தஞ்சைக்கு உதவப் போனது. லாலியின் தந்தை அயர்லாந்தின் கால்வே வட்டாரத்திலிருந்து பிரான்சுக்குப் போனவர். 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலியைத் தோற்கடித்த அயர் கூட், லிமரிக் வட்டாரத்துக் கில்மல்லாக்கைச் சேர்ந்தவர். லாலியின் பெயரில் இயங்கிய ரெஜிமெண்ட்டும் பிரெஞ்சு அரசுக்காகப் போரிட்ட ஐரிஷ் படையே. வந்தவாசி வயல்வெளியில் இரண்டு பக்கமும் அயர்லாந்து இரத்தம் சிந்தியது என்பதைப் பள்ளிப் புத்தகங்கள் நமக்குச் சொல்லவில்லை.

அயர்லாந்துக்காரரின் காகிதம்

1830இல் பிரிட்டிஷ் படையில் நூற்றுக்கு 42 பேர் அயர்லாந்துக்காரர்கள். கம்பெனியின் ஐரோப்பியப் படைகளிலும் அவர்கள் பங்கு பெரிது. 1825க்கும் 1850க்கும் இடையில் வங்காளப் படைக்கு எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதி. குத்தகை நிலம் சுருங்கிய குடும்பங்கள், வேலை கிடைக்காத நெசவாளிகள், பிறகு 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம். பசிக்குப் பட்டாளம் சோறு போட்டது. இங்கிலாந்தில் முதலில் சாத்தமிலும் 1843க்குப் பிறகு வார்லியிலும் இருந்த கிடங்குகளில் பயிற்சி பெற்றுக் கப்பலேறினார்கள்.

கம்பெனி ஒரு வியாபார நிறுவனம். கப்பலேற்றிய ஒவ்வொரு ஆளும் அதற்கு ஒரு செலவுக் கணக்கு. அதனால்தான் எழுத்து அடர்த்தியாக இருக்கிறது. மதராஸ் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களைப் பற்றிய ஆண்டுப் பட்டியல்கள் லண்டனுக்குப் போயின. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. சிப்பாயின் பெயர், பிறந்த வட்டாரம், பட்டாளத்துக்கு முன் செய்த தொழில், வந்த கப்பல், வந்த ஆண்டு, இப்போது இருக்கும் ரெஜிமெண்ட் என்று ஒரு மனிதனை உயிரோடு நிறுத்தக்கூடிய அளவுக்கு அவற்றில் தகவல் உண்டு. நோயாலோ காயத்தாலோ விலகியவருக்கு 'லார்ட் கிளைவ் நிதி' என்ற ஓய்வூதியம் கிடைத்தது. அதற்கும் தனிப் பதிவேடு. 1859, 1860ஆம் ஆண்டுகளோடு ஒருவரின் தடம் திடீரென்று அறுந்தால் பதற வேண்டாம். கம்பெனிச் சிப்பாய்களைக் கேட்காமலே அரசியின் படைக்கு மாற்றியதை எதிர்த்து அப்போது பெரும் கலகம் எழுந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் விலகல் சீட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

சிப்பாய் இங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, செத்திருந்தால் மாதா கோவில் பதிவுகளைப் பார்க்க வேண்டும். மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. ஆனால் அவை பெரிதும் ஆங்கிலிக்கன் சபைப் பதிவுகள். அயர்லாந்துக்காரர்களில் மிகுதியானோர் கத்தோலிக்கர். அவர்களுடைய பதிவுகள் முழுமையாக லண்டனுக்குப் போகவில்லை. லண்டனில் இல்லாதது திருச்சியின் பழைய பங்குக் கோவில் ஒன்றின் பீரோவில் இருக்கலாம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பவருக்கு இது எட்டாது. இங்கிருப்பவர் ஒருவர் மனம் வைத்தால் எட்டும். கல்லறைகளுக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட மதராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பு இன்றும் கைவிளக்கு. காட்டன் பார்த்துப் படியெடுத்த கற்களில் பல பிறகு வெயிலிலும் வேரிலும் போய்விட்டன.

ஊர்ப் பெயர்கள் பொறுமையைச் சோதிக்கும். உறையூரை 'வாரியூர்' என்று எழுதிவைத்திருப்பார்கள். புதுக்கோட்டைக்கு 'பூதூகாட்டா', 'புதுகோட்டா' என்று பல வடிவங்கள். இன்னும் பழைய கடிதங்களில் 'தொண்டிமான் நாடு' என்று மட்டும் இருக்கும். ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது.

அயர்லாந்து ஆவணங்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு தீவிபத்துகளைச் சொல்லாமல் முடியாது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பல். 1940 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் லண்டனில் இருந்த போர் அலுவலகக் கிடங்கு எரிந்தது. முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் ஏறக்குறைய அறுபது சதவீதம் போனது. இதிலிருந்து பிறக்கும் ஒரு விநோதத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இந்தியா ஆபீஸ் காகிதங்கள் இந்த இரண்டு நெருப்பிலும் சிக்கவில்லை. 1915இல் கலிப்போலியில் நின்றவரைவிட 1835இல் திருச்சியில் நின்றவரைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடிகிறது. லிமரிக்கில் பிறந்த ஒரு கூலிக்காரரின் பெயர் அவருடைய சொந்த நாட்டுக் காகிதம் எதிலும் மிஞ்சாமல், மதராஸ் பட்டியலில் மட்டும் மிஞ்சியிருக்கக்கூடும்.

அதே வரியில் பெயரில்லாதவர்

ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்கும். தகப்பனின் பெயர், ரெஜிமெண்ட், பதவி இருக்கும். தாய் தமிழ்ப் பெண்ணாக இருந்தால் 'உள்ளூர்ப் பெண்' என்று எழுதி முடித்திருப்பதைப் பழைய பதிவுகளில் காணலாம். சில இடங்களில் ஞானஸ்நானத்தின்போது சூட்டிய மேரி, அன்னா போன்ற ஒற்றைப் பெயர். அவளுடைய அப்பா யார், எந்த ஊர், என்ன சாதி, எப்படி அந்த முகாமுக்கு வந்தாள் என்பதற்கு ஒரு எழுத்து இல்லை. திருச்சி பொன்மலையிலும் சென்னையிலும் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வம்சக் கொடி பல தலைமுறை கடந்து கார்க், கில்கென்னி என்று அயர்லாந்து வட்டாரம் வரை போய் நிற்கும். தாய்வழியில் முதல் தலைமுறையிலேயே சுவரில் முட்டும். அந்த அம்மாளின் கிராமம் ஒருவேளை புதுக்கோட்டைச் சீமையாகவே இருந்திருக்கலாம்.

தகப்பன் செத்தோ ஊர் திரும்பியோ போனபின் பிள்ளைகள் சென்னை அனாதை இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சிப்பாய்களின் பெண் குழந்தைகளுக்கு 1787இலும் ஆண் குழந்தைகளுக்கு 1789இலும் இல்லங்கள் தொடங்கின. ஆண் பிள்ளைகள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து அதையே ஒரு முறையாக்கி 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கல்வி வரலாற்றில் அந்த முறைக்கு இடம் கிடைத்தது. அதில் படித்த பிள்ளைகளின் தாய்மார்களுக்குப் பதிவேட்டில்கூட இடம் கிடைக்கவில்லை. அயர்லாந்து முன்னோரைத் தேடுவோர் அநேகமாக ஆண்வழியையே தேடுகிறார்கள். காகிதம் அந்தத் திசையில் மட்டும் இருப்பதுதான் காரணம் என்றாலும், தேடியவர் எழுதிவைக்கும் குடும்ப வரலாற்றிலாவது அந்த வெற்றிடத்தை மறைக்காமல் காட்ட வேண்டும் என்பேன்.

படம் சொல்வதும் சொல்லாததும்

புதுக்கோட்டையை முதன்முதலாக விரிவாகப் படமெடுத்தவர்களில் ஒருவர் பட்டாளத்துக்காரர். மதராஸ் காலாட்படை அதிகாரியான லின்னியஸ் டிரைப், மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் திருச்சி, மதுரை, தஞ்சாவூர் படங்களோடு புதுக்கோட்டைக்கும் ஒரு தொகுப்பு வெளியிட்டார். மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவில் எடுத்தவை அவை. ஒளி பதிய நீண்ட நேரம் பிடிக்கும். அசைந்த ஆள் படத்தில் கரைந்துபோவார். ஆகவே அவருக்குக் கைகொடுத்தவை கட்டடங்களே. சாதாரணச் சிப்பாயின் முகம் படத்துக்கு வந்தது அதற்குப் பிறகு, அட்டையில் ஒட்டிய சிறிய படங்கள் மலிந்த காலத்தில்.

பட்டாளத்துப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல. தொப்பிச் சின்னம், தோளில் உள்ள பித்தளை எழுத்து, பொத்தான், சட்டைக் கை, மார்பு ரிப்பன் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் படையில் மேல்கையில் கீழ்நோக்கிக் குவியும் பட்டை பதவியைக் காட்டும்; முன்கையில் மேல்நோக்கிக் குவிவது ஒழுங்காகப் பணியாற்றிய ஆண்டுகளுக்கான அடையாளம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சாதாரணச் சிப்பாயைக் கார்ப்பரல் ஆக்கிய குடும்பங்கள் ஏராளம். இடது முன்கையில் செங்குத்தாக ஒரு சிறு பட்டை இருந்தால் அவர் காயம்பட்டவர்; அந்தப் பட்டை அனுமதிக்கப்பட்டது 1916இல், ஆகவே படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இந்தியப் படையில் ஜமேதார், சுபேதார் ஆகியோரின் தோளில் நட்சத்திரம் இருக்கும். நாயக், ஹவில்தாருக்குக் கையில் பட்டை.

ரிப்பன்களில் ஏமாந்துவிடக்கூடாது. அந்தக்கால பிலிமுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சிவப்பும் ஆரஞ்சும் கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களிலும் இதே கோளாறுதான். நடுவில் ஆரஞ்சுப் பட்டை உள்ள பிரிட்டிஷ் போர் மெடல் ரிப்பன், படத்தில் நடுவே கறுப்பாகத் தெரிந்து வேறு எதையோ நினைக்க வைக்கும்.

நம் வீட்டுப் படங்களுக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. பெரியவர் காலமானதும் படத்தைச் சட்டம் போடக் கொடுப்போம். கடைக்காரர் அளவுக்குப் பொருந்த ஓரத்தை வெட்டுவார். அந்த ஓரத்தில்தான் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பின்பக்கம் அட்டையோடு பசை போட்டு ஒட்டுவார். அங்கேதான் 'ரங்கூன்' என்றோ 'பெங்களூர்' என்றோ பென்சிலில் எழுதியிருக்கும். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, சட்டத்துக் கண்ணாடியில் அது காய்ந்து, சரியாகத் தொப்பிச் சின்னத்தை மறைத்திருக்கும். படத்தைப் பெரிது பண்ணி வண்ணம் தீட்டியவர் காக்கிச் சட்டையைப் பச்சையாக்கி, பித்தளைப் பொத்தானைத் தங்கமாக்கி, சின்னத்தை ஒரு மஞ்சள் பொட்டாக்கியிருப்பார். ஆகவே பெரிய படத்தைவிட, அதற்கு மூலமான சிறிய படம் டிரங்குப் பெட்டியில் எங்காவது கிடக்கிறதா என்று தேடுவதே மேல். சட்டத்தைப் பிரிக்கும்போது பசையை நீரில் நனைத்து உரிக்கக்கூடாது. கண்ணாடியைக் கழற்றி, அப்படியே சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்தாலே போதும்.

இவ்வளவு பார்த்தும் படம் தருவது ஒரு காலமும் ஒரு படைப்பிரிவும் மட்டுமே. பெயருக்குக் காகிதம் வேண்டும். காகிதத்தில் முகம் இருக்காது. இரண்டையும் இணைப்பது சிப்பாய் எண். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சமஸ்தானத்துப் பட்டாளத்தார்

நம்மவரைத் தேடத் தொடங்குவோர் முதலில் உணர வேண்டியது, புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தொண்டைமான் சமஸ்தானம் என்பது. குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்ற மூன்று தாலுகாக்கள். இன்றைய மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பக்கம் அன்று தஞ்சாவூர் ஜில்லா. 1948இல் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1974 ஜனவரியில். ஆகவே 1943இல் திருமயத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்று பதிவாகியிருப்பார். 1950இல் போன அவர் தம்பி 'திருச்சி ஜில்லா'. அறந்தாங்கி மைத்துனர் 'தஞ்சாவூர் ஜில்லா'. ஒரே குடும்பம் மூன்று இடத்தில். சமஸ்தானத்தைக் கண்காணித்த ஆங்கில அதிகாரியும் முதலில் தஞ்சாவூர் ரெசிடென்ட், பிறகு மதுரை, தஞ்சை, திருச்சிக் கலெக்டர்கள் என்று மாறிக்கொண்டே இருந்ததால் பழைய கடிதங்களும் அப்படியே சிதறின. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடுபவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பழைய அடுக்கு ஒன்று இருக்கிறது, புதுக்கோட்டைக்கு அது மிக வளமானது. மன்னர் அழைத்தால் ஆயுதத்தோடு வந்து நிற்க வேண்டிய அமரக்காரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் நிலம் விடப்பட்டிருந்தது. கட்டபொம்மனை 1799இல் பிடித்துக் கொடுத்தது தொண்டைமானின் ஆட்கள்தான் என்பது இந்தச் சீமை சுமக்கும் வலி. அந்தப் படை இந்த நில ஏற்பாட்டின் மேல் நின்ற ஒன்று. போர்கள் ஓய்ந்தபின் அவர்கள் காவலாட்களானார்கள். திவான் சேஷய்ய சாஸ்திரி காலத்தில், 1888இல், இனாம் செட்டில்மெண்ட் நடந்து அந்த நிலங்கள் வரிக்கு உட்பட்ட சொந்த நிலங்களாக மாற்றப்பட்டன. அதற்காக யார் எந்த ஊழியத்துக்கு எவ்வளவு நிலம் அனுபவிக்கிறார் என்று ஆள் ஆளாக எழுதினார்கள். அமெரிக்க ஆய்வாளர் நிகோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட புதுக்கோட்டை பற்றிய நூல் அந்தப் பதிவேடுகளின் மேல் எழுந்தது. அயர்லாந்துக்காரர் கப்பல் பட்டியலில் கிடைப்பார். புதுக்கோட்டைச் சிப்பாய் நிலக் கணக்கில் கிடைப்பார். வீட்டில் கிடக்கும் பழைய பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம் இவற்றில் 'அமரம்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம். எஸ். ராதாகிருஷ்ண ஐயரின் 1916ஆம் ஆண்டுப் புதுக்கோட்டை வரலாறும், கே.ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேடும் பின்னணியைத் தெளிவாக்கும்.

இரு உலகப் போர்களுக்கு வருவோம். முதல் போரில் மதராஸ் மாகாணத்து ஆட்கள் இருந்த படைகள் பல: பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ், 61ஆவது பயோனியர்ஸ், 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, கர்நாடிக் இன்ஃபன்ட்ரி வரிசை. இவற்றில் சாப்பர்ஸ் தவிர மற்றவை 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் கலைக்கப்பட்டன. இரண்டாம் போரில்தான் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. அதன் ரிக்கார்டு ஆபீஸ் இன்று வெலிங்டனில். சாப்பர்ஸ் வழிவந்த மதராஸ் எஞ்சினியர் குரூப்புக்குப் பெங்களூரில். இரண்டாம் போரில் நம்மவர் பலர் துப்பாக்கிப் படையில் இல்லை. லாரி டிரைவர், சமையல், ஆஸ்பத்திரி, பயோனியர் கோர் என்று பிரிந்திருந்தார்கள். "மதராஸ் ரெஜிமெண்ட்" என்று குடும்பம் சொல்வதை மட்டும் நம்பி வெலிங்டனுக்கு எழுதினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதலில் டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் புக்கையும் பார்க்க வேண்டும். அவை இல்லையென்றால் மெடல்.

மெடலின் முகப்பைவிட விளிம்பு முக்கியம். முதல் போரின் பிரிட்டிஷ் போர் மெடல், வெற்றி மெடல் இரண்டிலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். 1914–15 நட்சத்திரத்தில் பின்புறம். இரண்டாம் போர் மெடல்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குப் பெயரோடு கொடுத்தார்கள். இது நமக்கு வாய்த்த அரிய அனுகூலம். முதல் போரின் போர் மெடல் வெள்ளியில் இருந்தால் அவர் படைவீரர். வெண்கலத்தில் இருந்தால் தொழிலாளர் படையிலோ சுமைகூலிப் படையிலோ போனவராக இருக்கலாம். வெள்ளி என்பதால் அடகுக்கும் உருக்குக்கும் போனவை பல. மிஞ்சியதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேயும் எழுத்துதான் அந்த மனிதரின் எண்.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் தடம் வேறு. மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த நம் சீமை ஆட்களில் கணிசமானோர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். தோல்வி நெருங்கியபோது அந்தப் படையின் காகிதங்கள் பெருமளவு அழிக்கப்பட்டன. ஆனால் 1972இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்ததும், விண்ணப்பத்தோடு உடன் சிறையிருந்தவரின் சான்றிதழ், எங்கே எப்போது சிறைப்பட்டார் என்ற விவரம் எல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் எழுதப்படாத வரலாறு முப்பது ஆண்டு கழித்து அந்த விண்ணப்பங்களில் எழுதப்பட்டது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் நகலுக்கும் அதே மதிப்பு உண்டு, எறிந்துவிடக்கூடாது.

எண்ணிக்கையில் மட்டும் இருப்பவர்கள்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இவ்வூரிலிருந்து 277 பேர் 1914–18 போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்கிறது. அந்த 14 பேர் யார் என்று கல் சொல்லாது. இந்தியாவெங்கும் கிராமங்களில் பதித்த போர்க் கற்களிலும் இதே வாசகம்தான். எண் மட்டும் மாறும். அயர்லாந்தில் 1923இல், போரில் இறந்த 49,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை, ஹாரி கிளார்க் என்ற ஓவியர் வரைந்த விளிம்புச் சித்திரங்களோடு தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். தனி நாடான அயர்லாந்தில் பிரிட்டிஷ் படையில் இறந்தவர்களைப் பற்றிப் பேசவே பல்லாண்டு தயங்கினார்கள் என்றாலும் பெயர்கள் காகிதத்தில் இருந்தன. தயக்கம் தீர்ந்தபோது பேரப்பிள்ளைகளால் எடுத்துப் பார்க்க முடிந்தது.

இந்தப் பாரபட்சம் கற்பனையல்ல. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. முதல் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரைகூட இருக்கலாம், பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை என்று அது கணக்கிட்டது. பஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் கல்லில். இந்தியச் சிப்பாய்கள் படைவாரியாக எண்ணிக்கையில். இரண்டாம் போரில் நிலைமை மேம்பட்டது. ரங்கூன் அருகே தவுக்யானில் ஏறக்குறைய 27,000 பெயர்களும், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்களும் உள்ளன. தமிழ்ப் பெயர்களும் அவற்றில் உண்டு. ஆணையத்தின் இணையப் பட்டியலில் பல இந்தியப் பெயர்களுக்குக் கீழே தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் இருக்கும். எழுத்துக்கூட்டல் கண்டபடி இருக்கும் என்பதால் தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்துத் தேடுவது பலன் தரும்.

பஞ்சாபில் நடந்தது நமக்கு முன்மாதிரி. போர் முடிந்ததும் மாகாண அரசு கிராமம் கிராமமாக எழுதிவைத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 3,20,000 சிப்பாய்களின் விவரம். லண்டன் பஞ்சாபியர் அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை மின்னுருவாக்கி 2021இல் பொதுமக்களுக்குத் திறந்தன. நம்மிடம் லாகூர்ப் பதிவேடு போல் ஒன்று கையில் இல்லை. ஆனால் வீடுகள் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் திரட்டி மின்னுருவாக்கிய வேலை, இப்படிப்பட்ட பணி இங்கே நடக்கும் என்பதைக் காட்டிவிட்டது. புதுக்கோட்டையிலேயே திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. தனி மனிதர்கள் வளர்த்த ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இரண்டாம் உலகப் போர் வீரர்களின் விதவைகளுக்கு உதவித்தொகை வழங்கிய கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊராட்சியிலும் பள்ளி ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் கைப்பேசியோடு போய், பட்டாளத்து வீடுகளின் படம், மெடல் விளிம்பு, பென்ஷன் புக், பாகப்பத்திரம் இவற்றைப் படமெடுத்து, பக்கத்தில் இருக்கும் மூத்தவர் சொல்வதைப் பதிவுசெய்தால் மாவட்டம் முழுவதையும் திரட்டிவிடலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. சட்டத்துப் படத்தைப் பார்த்ததும் "இது எங்க சின்னப்பாட்டன், கறுத்த படத்துல இருக்கிறது அவரோட சேக்காளி" என்று சொல்லத் தெரிந்த ஆத்தாமார்களுக்கு இப்போது எண்பதும் தொண்ணூறும் வயது. அவர்களுக்குப் பிறகு அந்தப் படம் யாரோ ஒரு சிப்பாயின் படம் ஆகிவிடும்.

போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் மூடப்பட்ட ஒன்றல்ல என்பதையும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை, படையில் பணியாற்றிப் பணி காரணமாக இறந்த ஒருவரின் பெயர் விடுபட்டிருந்தால், சான்றுகளோடு விண்ணப்பிக்கலாம். இறப்புச் செய்தி வந்த தபால், குடும்பப் பென்ஷன் உத்தரவு, எண் பொறித்த மெடல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அதன் தெளிவான நகலை இணைத்து எழுதலாம். அந்த வேலையைத் தொடங்க லண்டன் போக வேண்டியதில்லை. வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கினால் போதும்.